கத்தோலிக்க மறைமாவட்ட நிதிப் பொறுப்புடைமை

கத்தோலிக்க மறைமாவட்ட நிதிப் பொறுப்புடைமை என்பது, ஓர் ஆயரின் ஆட்சிப் பகுதிக்குள் அடங்கிய பங்குகளுக்கும் நிறுவனங்களுக்கும் வந்து சேரும் பணத்தையும் சொத்தையும் பேணுதல், உரிய நோக்கத்திற்குச் செலவிடுதல், அவற்றுக்குக் கணக்கு ஒப்படைத்தல் ஆகிய கடமைகளைக் குறிக்கும். இக்கடமைகள் திருச்சபைச் சட்டம், நாட்டுச் சட்டம் ஆகிய இரண்டினாலும் வரையறுக்கப்படுகின்றன. கணக்கு எழுதப்பட வேண்டும் என்பதில் இவ்விரு சட்டங்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை. அக்கணக்கு யாரிடம் காட்டப்பட வேண்டும் என்பதில்தான் சிக்கல் எழுகிறது. பங்குத்தந்தை ஆயருக்கும், ஆயர் திருப்பீடத்திற்கும், அறக்கட்டளைகள் அரசுக்கும் கணக்கு அளிக்கக் கடமைப்பட்டுள்ளனர். காணிக்கை அளித்த மக்களுக்குக் கணக்கு அளிக்கும் முறை மட்டும் பெரும்பாலும் அந்தந்த மறைமாவட்டத்தின் விதிகளுக்கே விடப்பட்டுள்ளது.

சென்னையின் வடபகுதியில் உள்ள இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், காத்திவாக்கம் ஆகிய ஊர்கள் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தின் எல்லைக்குள் அடங்குவன. மீன்பிடித் தொழிலும், துறைமுகக் கூலியும், ஆலைப் பணியும் கலந்த இப்பகுதியில் காணிக்கை என்பது பெரும்பாலும் நிலையற்ற வருவாயிலிருந்து கொடுக்கப்படுவதாகும். ஆகவே இக்கட்டுரையில் எடுத்துக்காட்டுகள் தேவைப்படும் இடங்களில் இப்பகுதியே கொள்ளப்படுகிறது.

வரலாற்றுப் பின்னணி

மயிலாப்பூர் மறைமாவட்டம் 1606ஆம் ஆண்டு திருத்தந்தை ஐந்தாம் பவுலால் நிறுவப்பட்டது. அது போர்த்துக்கீசிய அரசின் ஆதரவுரிமையின் கீழ் இயங்கியது. ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டைப் பகுதியிலோ 1642 முதல் பிரெஞ்சுக் கப்புச்சின் துறவிகள் பணியாற்றினர். அப்பணித்தளம் 1832இல் சென்னை மறைவட்டமாகவும், 1886இல் உயர்மறைமாவட்டமாகவும் வளர்ந்தது. இவ்விரு ஆட்சிகளும் 1952இல் ஒன்றாக இணைக்கப்பட்டுச் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் உருவானது. 2002இல் அதிலிருந்து செங்கல்பட்டு மறைமாவட்டம் பிரிக்கப்பட்டது. எனவே 1952 வரை ஒரே நகரில் இரண்டு திருச்சபை ஆட்சிகள் நிலவின. ஒரு கோவிலின் சொத்தும் வருவாயும் எந்த ஆட்சியைச் சேர்ந்தவை என்ற பூசலுக்கு அதனால் இடமிருந்தது.

இராயபுரத்தில் உள்ள புனித பேதுரு ஆலயம் 1829இல் கட்டப்பட்டது. பேதுருவைக் குறிக்கும் இராயப்பர் என்னும் பழைய கத்தோலிக்கத் தமிழ்ப் பெயரிலிருந்தே ஊரின் பெயர் வந்தது என்பர். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத அக்காலத்தில், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து சரக்கையும் பயணிகளையும் மசூலாப் படகுகளில் ஏற்றி அலைகளைக் கடந்து கரைசேர்த்த படகோட்டிகளே அவ்வாலயத்தை எழுப்பினர். தங்கள் கூலியிலிருந்து சேர்த்த பொதுநிதியைக் கொண்டு தாங்களே கட்டிய கோவிலில் தங்களுக்கு உள்ள உரிமை என்ன என்ற கேள்வி, இத்தகைய கோவில்கள் எல்லாவற்றிலும் பின்னர் எழுவதே.

இக்கேள்விக்கு நீதிமன்றம் விடையளித்த புகழ்பெற்ற வழக்கு தமிழகத்தின் தென்கோடியில் நடந்தது. திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த வடக்கன்குளத்தில், சாதி வாரியாக மக்களைப் பிரித்து அமரச் செய்யும் தடுப்புச்சுவருடன் ஒரு கோவில் இருந்தது. 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. கோவிலுக்குத் தங்கள் முன்னோர் பணம் கொடுத்தனர் என்பதை ஓர் ஆதாரமாகக் காட்டி ஒரு சாதியினர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம் அவர்களது கோரிக்கையை ஏற்கவில்லை. சாதிப் பிரிவினையைக் காப்பதற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு தோற்றது நல்லதே. எனினும் அதே தீர்ப்பிலிருந்து, பணம் கொடுத்தவருக்குக் கோவிலின்மீது உடைமையுரிமை பிறப்பதில்லை என்ற கருத்தும் நிலைபெற்றது. உடைமையுரிமை இல்லை என்பதும் கணக்குக் கேட்கும் உரிமை இல்லை என்பதும் ஒன்றல்ல. நடைமுறையில் இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழப்பிக் கொள்ளப்படுகின்றன.

சொத்து யாருக்கு உரியது

கோவில் சொத்து முழுவதும் ஆயருக்குச் சொந்தம் என்பது பரவலான எண்ணமாகும். திருச்சபைச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1983இல் நடைமுறைக்கு வந்த இலத்தீன் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1256ஆம் எண், ஒரு பொருளை முறையாக ஈட்டிய சட்டமுறை ஆளே அதன் உரிமையாளர் என்கிறது. இங்கு 'சட்டமுறை ஆள்' என்பது சட்டத்தின் முன் ஒரு மனிதரைப் போல உரிமையும் கடமையும் உடைய அமைப்பைக் குறிக்கும். மறைமாவட்டம் அத்தகைய ஓர் ஆள். ஒவ்வொரு பங்கும் தனித்தனியே அத்தகைய ஓர் ஆள். ஆகவே பங்கின் பணம் பங்கினுடையது. திருத்தந்தை உச்ச நிர்வாகி என்று சட்டம் குறிப்பிடினும், அது உடைமையைக் குறிப்பதன்று.

ஒரு மறைமாவட்ட எல்லைக்குள் துறவற சபைகள் நடத்தும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் அந்தந்தச் சபைகளுக்கு உரியவை. அவற்றின் வரவுசெலவு மறைமாவட்டப் பொருளாளரின் கணக்கில் வருவதில்லை. ஒரே வளாகத்தில் பங்குக் கோவிலும், அருட்சகோதரிகள் நடத்தும் பள்ளியும் இருக்கும்போது, பள்ளிக் கட்டணத்துக்கும் பங்குத்தந்தைக்கும் தொடர்பில்லை என்பதைப் பங்கு மக்களே அறியாதிருப்பதுண்டு.

நாட்டுச் சட்டத்தில் இப்படம் மாறிவிடுகிறது. இந்தியாவில் பங்கு என்னும் அமைப்புக்குத் திருச்சபைச் சட்டம் தரும் தனியாள் நிலை பத்திரப்பதிவில் அப்படியே தோன்றுவதில்லை. நிலங்கள் ஆயரின் பதவிப் பெயரிலோ, பதிவுபெற்ற சங்கத்தின் பெயரிலோ, அறக்கட்டளையின் பெயரிலோ இருக்கும். இவ்வேறுபாடு அமைதிக் காலத்தில் கண்ணுக்குப் படாது. கடன் முற்றும்போதும் வழக்கு வரும்போதும் வெளிப்படும். ஐக்கிய அமெரிக்காவின் போர்ட்லாந்து உயர்மறைமாவட்டம் 2004இல் திவால் பாதுகாப்புக் கோரியபோது, பங்குகளின் சொத்து உயர்மறைமாவட்டச் சொத்தில் சேராது என்று அது வாதிட்டது. திவால் நீதிமன்றம் 2005 டிசம்பரில் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. பத்திரத்தில் யார் பெயர் உள்ளது என்பதையே அந்நீதிமன்றம் நோக்கியது.

தமிழ்நாட்டில் இந்துக் கோவில்களுக்கு 1959ஆம் ஆண்டின் இந்து சமய மற்றும் அறநிலையக் கொடைகள் சட்டமும், முசுலிம் அறக்கொடைகளுக்கு வக்ஃபு சட்டமும் உள்ளன. கிறித்தவக் கோவில் சொத்துகளுக்கென அத்தகைய தனிச்சட்டமோ வாரியமோ இல்லை. பொது அறக்கொடை ஒன்றில் முறைகேடு நடந்ததாகக் கருதுவோர், அதில் அக்கறை உடையவர்கள் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களாகச் சேர்ந்து, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குத் தொடுக்கலாம். இவ்வழி திறந்தே இருந்தாலும் நீண்டது, செலவு மிக்கது.

காணிக்கையின் வழி

காணிக்கைகள் அனைத்தும் ஒரே பெட்டியில் விழுந்தாலும் சட்டத்தின் பார்வையில் ஒரே பணம் ஆவதில்லை. எடுத்துக்காட்டாக, காத்திவாக்கத்தைச் சேர்ந்த ஒரு மீனவக் குடும்பம் ஓர் ஆண்டில் தன் பங்குக் கோவிலுக்கு நான்கு வகையில் பணம் தருகிறது என்று கொள்வோம். ஞாயிறு திருப்பலியில் தட்டில் இடுவது ஒன்று. இறந்த தந்தையின் நினைவுத் திருப்பலிக்காகக் கொடுப்பது இரண்டு. அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறன்று உறையில் வைப்பது மூன்று. எண்ணெய்க் கசிவால் பாதிக்கப்பட்டோருக்கெனத் திரட்டிய நிதிக்குத் தருவது நான்கு.

முதலாவது, பங்கின் பொது வருவாய். ஆலயப் பராமரிப்பு, மின்கட்டணம், உபதேசியார், கோவில் பணியாளர் ஆகியோரின் ஊதியம் முதலியன இதிலிருந்தே கொடுக்கப்படும். பணியாளருக்கு நாட்டின் தொழிலாளர் சட்டத்தைக் கடைப்பிடித்து நேர்மையான ஊதியம் தர வேண்டும் என்று 1286ஆம் எண் கட்டளையிடுகிறது. தொழிற்சங்கங்கள் வலுப்பெற்ற ஆலைப் பகுதியில் வாழும் மக்களிடம் இவ்விதியை விளக்கத் தேவையில்லை. கோவில் பணியாளருக்கு அது கிடைக்கிறதா என்பதே கேட்கப்பட வேண்டியது. பொதுவருவாயில் ஒரு பகுதியை மறைமாவட்டம் வரியாகப் பெறலாம். அதற்கு முன் ஆயர் தம் நிதிக்குழுவையும் குருக்கள் மன்றத்தையும் கலந்தாலோசிக்க வேண்டும் (எண் 1263).

இரண்டாவது வகையான திருப்பலிக் காணிக்கைக்கு விதிகள் மிகக் கடுமையானவை. பெற்றுக்கொண்ட ஒவ்வொரு கருத்துக்கும் தனித் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட வேண்டும் என்பது பொதுவிதி. வாங்கிய பணம் குருவின் தவறின்றித் தொலைந்துபோனாலும் திருப்பலி நிறைவேற்றும் கடமை நீங்குவதில்லை. ஒரு நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட திருப்பலி நிறைவேற்றும் குரு, ஒரு காணிக்கையை மட்டுமே தமக்கென வைத்துக்கொள்ளலாம். கிறித்து பிறப்பு நாள் இதற்கு விதிவிலக்கு. மற்றவை ஆயர் குறித்த நோக்கத்திற்குச் செல்லும். இவற்றுக்கெனத் தனிப்பதிவேடு வைத்திருப்பதும், அதனை ஆண்டுதோறும் ஆயரோ அவரால் அனுப்பப்பட்டவரோ பார்வையிடுவதும் கட்டாயம். காணிக்கையின் அளவை மறைமாநில ஆயர்கள் சேர்ந்து அறுதியிடுவர். இக்காணிக்கை விருப்பக் கொடையே. விலையாகவோ வரியாகவோ தோன்றக்கூடாது என்று 2020 சூலையில் வெளியான குருக்கள் பேராயத்தின் அறிவுறுத்தல் மீண்டும் வலியுறுத்தியது.

மூன்றாவது வகைப் பணம் பங்கின் வழியே கடந்து செல்வது மட்டுமே. மறைபரப்பு ஞாயிறுக் காணிக்கை, புனித வெள்ளியன்று புனித நாட்டிற்கெனத் திரட்டுவது, சூன் 29ஐ ஒட்டிச் சேர்க்கப்படும் புனித பேதுரு காணிக்கை ஆகியன இத்தகையவை. பங்கில் கூரை ஒழுகினாலும் இப்பணத்தில் கைவைக்க இயலாது. 

நான்காவது வகையே மிகுந்த கவனத்தைக் கோருவது. குறிப்பிட்ட நோக்கத்திற்காக மக்கள் அளித்த கொடை அந்நோக்கத்திற்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்கிறது 1267ஆம் எண்ணின் மூன்றாம் பத்தி. எண்ணூர் வட்டாரத்தில் இத்தகைய நிதிக்குத் தேவை அடிக்கடி எழுந்துள்ளது. 2004 ஆழிப்பேரலை, 2017 சனவரியில் காமராசர் துறைமுகத்திற்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியதால் ஏற்பட்ட எண்ணெய்க் கசிவு, 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு கொசத்தலையாற்றுக் கழிமுகத்தில் பரவிய எண்ணெய், அதே மாத இறுதியில் பெரியகுப்பத்தில் நேர்ந்த அமோனியா வாயுக் கசிவு என இடர்கள் தொடர்ந்தன. இடர் முடிந்தபின் எஞ்சிய நிதியைச் சமுதாயக்கூடம் கட்டவோ கோபுரத்திற்கு வண்ணம் பூசவோ திருப்பிவிடும் எண்ணம் எழுவது இயல்பு. அந்நோக்கங்கள் நல்லவையாகவும் இருக்கலாம். கொடுத்தவரின் நோக்கம் அதுவன்று என்பதால் சட்டம் அதனைத் தடுக்கிறது. நோக்கம்வாரியாகத் தனித்தனிக் கணக்கேடு இல்லாத இடத்தில் இத்தடை ஏட்டளவிலேயே நின்றுவிடும். பிற்காலத்தில் எவராலும் எது எந்தப் பணம் என்று பிரித்தறிய இயலாது.

கன்னியாகுமரிக் கடற்கரையின் கத்தோலிக்க ஊர்களில் வேறொரு முறையும் வழக்கில் இருந்தது. மீன்பாட்டில் ஒரு பங்கைக் கோவிலுக்கெனப் பெறும் உரிமை ஏலம் விடப்பட்டது. இது குத்தகை எனப்பட்டது. ஊர் நிர்வாகமும் கோவில் நிர்வாகமும் ஒன்றாக இருந்த அவ்வூர்களில் கோவில் கணக்கு என்பது ஊர்க் கணக்கே. அதனால் கணக்குக் கேட்பது அங்கு வழிபாட்டுச் சிக்கலாகக் கருதப்படவில்லை, ஊர்க்கூட்டத்தின் வழக்கமான வேலையாகவே கருதப்பட்டது.

நிர்வாக அமைப்பு

ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் நிதிக்குழு ஒன்று இருக்க வேண்டும். 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத் தொகுப்பிலேயே இத்தகைய நிர்வாகக் குழு ஒன்று கூறப்பட்டிருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் அதன் அமைப்பைத் தெளிவாக்கியது. பொருளியலிலும் நாட்டுச் சட்டத்திலும் தேர்ச்சியும் நேர்மையும் உடைய, குறைந்தது மூன்று கிறித்தவ நம்பிக்கையாளர்கள் ஐந்தாண்டுக் காலத்திற்கு நியமிக்கப்படுவர். இவர்கள் குருக்களாக இருக்க வேண்டியதில்லை. ஆயரின் நெருங்கிய உறவினர்கள் உறுப்பினராக இயலாது. வரும் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தை இக்குழு வகுக்கும். ஆண்டு முடிவில் கணக்கை ஆராய்ந்து ஏற்கும்.

பணத்தை நேரடியாகக் கையாள்பவர் மறைமாவட்டப் பொருளாளர். அவரும் ஐந்தாண்டுக்கு நியமிக்கப்படுகிறார். கடுமையான காரணமின்றி, நிதிக்குழுவையும் ஆலோசகர் குழுவையும் கேளாமல், இடையில் அவரை ஆயர் நீக்க முடியாது. 'முடியாது' எனத் தைரியமாகச் சொல்லக்கூடிய ஒரு பொருளாளர் மறைமாவட்டத்திற்குத் தேவை என்பதை உணர்ந்தே சட்டம் இப்பாதுகாப்பை அளித்துள்ளது எனலாம்.

ஆயர் குழுக்களைக் 'கேட்க வேண்டும்' என்பதற்கும் அவற்றின் 'ஒப்புதலைப் பெற வேண்டும்' என்பதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. முக்கியமான நிர்வாகச் செயல்களில் ஆயர் நிதிக்குழு, ஆலோசகர் குழு ஆகியவற்றின் கருத்தைக் கேட்டால் போதும். அதை ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. இயல்புக்கு மீறிய நிர்வாகச் செயல்களிலும் பெருமதிப்புடைய சொத்து விற்பனையிலும் ஒப்புதல் இன்றியமையாதது. அது இல்லாமல் ஆயர் செயல்பட இயலாது. எந்தச் செயல் எந்த வகையைச் சாரும் என்பதை ஆயர் பேரவை அறுதியிடுகிறது.

பங்கு மட்டத்திலும் நிதிக்குழு கட்டாயம் (எண் 537). மேய்ப்புப்பணிப் பேரவை அமைப்பது ஆயரின் முடிவைப் பொறுத்தது, நிதிக்குழு அவ்வாறன்று. எனினும் இக்குழு ஆலோசனை கூறும் குழுவே ஆகும். பங்கின் சட்டமுறைப் பேராளரும் சொத்துகளின் நிர்வாகியும் பங்குத்தந்தையே. பொறுப்பேற்கும்போது சொத்துகளின் துல்லியமான பட்டியல் தயாரித்துக் கையொப்பமிட வேண்டும் என்பது 1283ஆம் எண்ணின் விதி. பட்டியலின் ஒரு படி பங்கிலும் மற்றொரு படி ஆயரகத்திலும் இருத்தல் வேண்டும். பங்குத்தந்தையர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படும் நிலையில், பழைய நகைகள், வெள்ளிப் பாத்திரங்கள், சிறு நிலத்துண்டுகள் ஆகியவை காணாமல் போகாதிருக்க இப்பட்டியலே காப்பு. 'நல்ல குடும்பத் தலைவரின் கவனத்தோடு' நிர்வகிக்க வேண்டும் என்று கூறும் அடுத்த எண், காப்பீடு செய்தல், கடனை உரிய காலத்தில் அடைத்தல், வரவுசெலவு ஏடுகளை ஒழுங்காக வைத்தல், ஆண்டறிக்கை தயாரித்தல் என இறங்கி விவரிக்கிறது.

சொத்தைக் கைமாற்றுதல்

நிலத்தை விற்பதே மறைமாவட்ட நிதியில் மிகுந்த பூசலைக் கிளப்புவது. ஆயர் பேரவை குறித்துள்ள கீழ்வரம்பையும் மேல்வரம்பையும் வைத்து விதிகள் அமைகின்றன. இவ்விரு வரம்புகளுக்கு இடைப்பட்ட மதிப்புள்ள மறைமாவட்டச் சொத்தை விற்க ஆயருக்கு நிதிக்குழு, ஆலோசகர் குழு, தொடர்புடையோர் ஆகியோரின் ஒப்புதல் தேவை. மேல்வரம்பைத் தாண்டினாலோ, நேர்ச்சைப் பொருளாகவோ கலை, வரலாற்றுச் சிறப்புடையதாகவோ இருந்தாலோ திருப்பீடத்தின் அனுமதியும் வேண்டும். விற்பனைக்கு நேர்மையான காரணமும், வல்லுநர்களின் எழுத்து மதிப்பீடும் இருக்க வேண்டும். மதிப்பீட்டிற்குக் குறைந்த விலைக்கு விற்பது பொதுவாகத் தகாது.

இவ்விதிகளின் பொருள் அண்மைக்காலத்தில் இந்திய மக்களுக்குத் தெளிவானது, கேரளத்தின் எறணாகுளம்-அங்கமாலி உயர்மறைமாவட்ட நில விவகாரத்தில்தான். சீரோ-மலபார் திருச்சபையைச் சேர்ந்த அவ்வுயர்மறைமாவட்டத்திற்கு 1990ஆம் ஆண்டின் கீழைத் திருச்சபைகள் சட்டத் தொகுப்பு பொருந்தும். விற்பனைக்கான ஒப்புதல்களை அதுவும் கோருகிறது. வங்கிக் கடனை அடைப்பதற்காகக் கொச்சி நகரில் ஏறத்தாழ 3 ஏக்கர் நிலம் பல துண்டுகளாக விற்கப்பட்டது. எதிர்பார்த்த ஏறத்தாழ 27 கோடி ரூபாய்க்குப் பதில் 9 கோடி அளவே வந்து சேர்ந்தது என்றும், உரிய குழுக்களின் ஒப்புதல் பெறப்படவில்லை என்றும் அவ்வுயர்மறைமாவட்டக் குருக்களே 2017 இறுதியில் குற்றம் சாட்டினர். தலைமைப் பேராயராக இருந்த கர்தினால் சார்ச் ஆலஞ்சேரியிடமிருந்து நிர்வாகப் பொறுப்பு 2018 சூனில் ஒரு திருத்தூதரக நிர்வாகியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓராண்டுக்குப்பின் அது அவரிடம் திரும்பியது. தம்மீதான குற்றவியல் வழக்குகளை நீக்கக் கோரிய அவரது மனுக்களை 2021 ஆகத்தில் கேரள உயர் நீதிமன்றமும், 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. இம்மறுப்பு குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகப் பொருள்படாது. விசாரணை தொடரலாம் என்பதே அதன் பொருள். 2023 டிசம்பரில் அவர் பதவி விலகினார்.

இந்நிகழ்வில் கருதத்தக்கது, கேள்வி எழுப்பியவர்கள் பெரும்பாலும் குழுக்களில் இடம்பெறும் உரிமையுள்ள குருக்கள் என்பதாகும். பொதுநிலையினர் மட்டும் கேட்டிருந்தால் விவரங்கள் இவ்வளவு வெளிவந்திருக்குமா என்பது ஐயமே.

2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட திருச்சபைத் தண்டனைச் சட்டம், உரிய கலந்தாய்வோ ஒப்புதலோ இன்றிச் சொத்தைக் கைமாற்றுவதையும், திருச்சபைப் பொருளைத் திருடுவதையும் ஒரே எண்ணின் (1376) கீழ்க் குற்றங்களாக வைத்துள்ளது. நிர்வாகத்தில் கடும் அலட்சியமும் இப்போது தண்டனைக்கு உரியது. உரோமையிலும் இதே காலத்தில் இலண்டன் மாநகரக் கட்டடம் ஒன்றில் திருப்பீடப் பணம் முதலிடப்பட்டு இழப்பு நேர்ந்தது பற்றிய வழக்கு நடந்தது. 2023 டிசம்பரில் கர்தினால் ஒருவர் உட்படப் பலருக்கு வத்திக்கான் நீதிமன்றம் தண்டனை விதித்தது, மேல்முறையீடும் செய்யப்பட்டது. புனித பேதுரு காணிக்கை எங்கே போகிறது என்ற கேள்வியை அவ்வழக்கு உலகெங்கும் உள்ள பங்குகளில் எழுப்பியது.

அரசுக்குக் காட்டும் கணக்கு

வருமானவரி விலக்குப் பெறும் அறநிறுவனங்கள் தங்கள் வருவாயில் குறைந்தது 85 விழுக்காட்டை அந்தந்த ஆண்டில் அறநோக்கத்திற்குச் செலவிட வேண்டும் என்பது பொதுவிதி. எஞ்சியதைச் சேர்த்து வைக்கத் தனி நடைமுறை உண்டு. வருவாய் வரம்பைத் தாண்டினால் பட்டயக் கணக்கரின் தணிக்கை கட்டாயம். வெளிநாட்டு நிதி பெற 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு வேண்டும். 2020இல் இச்சட்டம் திருத்தப்பட்டபின், அப்பணம் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கப்பட்ட கணக்கிலேயே முதலில் பெறப்பட வேண்டும். நிர்வாகச் செலவின் வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. பெற்ற நிதியை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதும் தடைசெய்யப்பட்டது. மறைமாவட்டச் சமூகப்பணிச் சங்கம் ஒன்று வெளிநாட்டு நிதியைப் பெற்றுச் சிறு அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கும் பழைய முறை இதனால் நின்றது.

துறவியரின் ஊதியம் பற்றிய வழக்கும் குறிப்பிடத்தக்கது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியராகப் பணிபுரியும் குருக்களும் அருட்சகோதரிகளும் வறுமை வார்த்தைப்பாட்டின்படி தம் ஊதியத்தைச் சபைக்கு அளித்துவிடுவதால், அதில் வருமானவரி பிடித்தம் செய்யப்படாதிருந்தது. 2014 முதல் பிடித்தம் செய்ய அரசுத்துறை முற்பட்டபோது தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு பிடித்தம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்நிலையையே உறுதிசெய்தது. ஊதியம் முதலில் அதைப் பெறுபவருக்கே உரியது, பின்னரே அது சபைக்குச் செல்கிறது என்பது இதன் அடிப்படை.

மக்களுக்குக் காட்டும் கணக்கு

மேற்கண்ட கணக்குகள் அனைத்தும் மேல்நோக்கிச் செல்பவை. கீழ்நோக்கிய கணக்கைப் பற்றிப் பேசுவது 1287ஆம் எண்ணின் இரண்டாம் பத்தி மட்டுமே. நம்பிக்கையாளர் அளித்த பொருள்களுக்கு நிர்வாகிகள் அந்நம்பிக்கையாளருக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும், தனிச்சட்டம் வகுக்கும் நெறிப்படி, என்று அது கூறுகிறது. தனிச்சட்டம் என்பது பெரும்பாலும் ஆயர் வகுக்கும் சட்டமே. மறைமாவட்டம் தெளிவான விதி வகுத்திருந்தால் ஆண்டுக்கொருமுறை திருப்பலி முடிவில் கணக்கு வாசிக்கப்படும், அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், பங்குக் கூட்டத்தில் கேள்விகளும் கேட்கப்படும். விதி இல்லாத இடத்தில் கடமை இருந்தும் அதை நிறைவேற்றும் வழி இல்லை. கேட்பவர் கலகக்காரர் என்றும், கேளாதவர் நல்ல பங்கு மகன் என்றும் கருதப்படும் சூழல் அங்கு உருவாகிவிடுகிறது.

இவ்விடைவெளியை அரசுச் சட்டத்தால் நிரப்பும் முயற்சிகள் கேரளத்தில் நடந்தன. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான சட்டச் சீர்திருத்த ஆணையம் 2009இல் கிறித்தவத் திருச்சபைச் சொத்துகளுக்கான வரைவுச் சட்டம் ஒன்றைப் பரிந்துரைத்தது. பங்கு முதல் மாநிலம் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட அறக்கட்டளைகளிடம் சொத்து நிர்வாகம் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2019இல் நீதிபதி கே. டி. தாமஸ் தலைமையிலான ஆணையம் முன்வைத்த மற்றொரு வரைவு, பூசல்களை விசாரிக்கத் தீர்ப்பாயம் ஒன்றைக் கருதியது. இரண்டும் சட்டமாகவில்லை. சமய உட்பிரிவுகள் தம் சொத்தை நிர்வகிக்க அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு தரும் உரிமைக்கு இவை எதிரானவை என்று ஆயர்கள் வாதிட்டனர். அப்பிரிவு 'சட்டத்திற்கு இணங்க' நிர்வகிக்கும் உரிமையையே தருகிறது என்று ஆதரவாளர் மறுத்தனர்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இருந்தால் மட்டும் போதுமா என்பதும் வினாவே. தென்னிந்தியத் திருச்சபையில் பேராயங்களின் நிர்வாகிகள் தேர்தல் வழியே வருகின்றனர். 1947இல் தொடங்கப்பட்ட சொத்துப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றும் அதற்கு உண்டு. ஆயினும் சொத்து வழக்குகளும் தேர்தல் வழக்குகளும் அங்குக் குறைவாக இல்லை. கத்தோலிக்கப் பங்குகளில் பயன் தந்துள்ளவை எளிய நடைமுறைகளே. உண்டியலை இருவருக்குக் குறையாதோர் சேர்ந்து எண்ணுதல், எண்ணிட்ட ரசீது, அன்றன்றே வங்கியில் செலுத்துதல், காசோலைக்கு இரு கையொப்பம், திருவிழாக் கணக்கை விழா முடிந்த மாதத்திலேயே ஒட்டுதல் ஆகியவற்றுக்கு எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை. நேர்மையான பங்குத்தந்தையை வீண்பழியிலிருந்து காப்பவையும் இவையே.

2024 அக்டோபரில் நிறைவுற்ற உலக ஆயர் மாமன்றத்தின் இறுதி ஏடு, நிதிக்குழுக்கள் பயனுள்ள வகையில் இயங்க வேண்டும் என்றும், ஆண்டு நிதியறிக்கை இயன்றவரை வெளித்தணிக்கைக்கு உட்படுத்தப்பட்டு வெளியிடப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. திருத்தந்தை பிரான்சிசு அவ்வேட்டைத் தனி அறிவுரை மடல் ஏதும் எழுதாமல் அப்படியே ஏற்று வெளியிட்டார். அதனைத் தனிச்சட்டமாக்கும் பொறுப்பு ஒவ்வொரு மறைமாவட்ட ஆயரிடமும் உள்ளது.